இரண்டு வாளி வேகாத நார்

என் பெயர் கெங்கம்மா, வயது 38, கணவர் பெயர் வேலப்பன், காத்திவாக்கத்தில் குடியிருக்கிறேன். எண்ணூரில் எங்கள் மகளிர் குழு நடத்தும் கைக்காகிதக் கொட்டகையில் நானும் யசோதராவும் 2001-ல் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். தேங்காய் மட்டை நாரை நறுக்கி, காஸ்டிக் சோடாவில் ஐந்து மணி நேரம் வேகவைத்து, அலசி, கூழாக அரைத்துக் கொடுப்பது என் வேலை. அந்தக் கூழைத் தொட்டியில் கரைத்து, சல்லடையால் தாளாக அள்ளுவது யசோதராவின் வேலை. பார்க்க வருகிறவர்கள் அவளைத்தான் போட்டோ எடுப்பார்கள். அடுப்புப் பக்கம் நாற்றம் என்று யாரும் வரமாட்டார்கள். எனக்கு அது வயிற்றெரிச்சலாக இருந்தது.

கடந்த 12.08.2003 செவ்வாய்க்கிழமை, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கம்பெனிக்கு மாதிரித் தாள் அள்ளும் நாள் என்பதால் யசோதரா புதுப் புடவை கட்டி வந்திருந்தாள். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, ஒரு மணி நேரம் மட்டுமே வெந்த நாரை இரண்டு வாளி எடுத்து அவள் தொட்டியில் கொட்டிக் கலக்கிவிட்டேன். ஈரத்தில் எல்லாம் ஒரே பழுப்பாகத் தெரிந்ததால் அவள் கவனிக்கவில்லை. மறுநாள் காய்ந்த தாள் அத்தனையிலும் நார் மீன்முள் போல நீட்டிக்கொண்டிருந்தது. யசோதரா அழுதாள். நான் அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். அதன் பிறகு அவள், யாரோ தொட்டியைக் கெடுத்துவிட்டதாக இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாள்.

அதன் பிறகு வியாழக்கிழமை கம்பெனிக்காரர் வந்து, அந்தத் தாளை விரலால் தடவிப் பார்த்து, நார் தெரிவதுதான் அழகு, இதேபோல் ஐயாயிரம் தாள் வேண்டும் என்று சொல்லி, இது யார் யோசனை என்று கேட்டார். "நான்தான் சார், வோணும்னுதான் நார போட்டேன்" என்றாள் யசோதரா. அவளைப் போட்டோ எடுத்தார்கள். அதன் பிறகு என் தோளில் கைபோட்டு, "இன்னாக்கா, நீயும் சிரியேன்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்று மாலையே அவள் புகாரை வாபஸ் வாங்கிவிட்டாள்.

ஆகவே இன்று 16.08.2003 காலை நானாகவே இங்கு வந்தேன். கேஸே இல்லை, வீட்டுக்குப் போம்மா என்று ஏட்டு ஐயா சொன்னார். "கெடுத்தது நானு, பேரு அவுளுக்கா? என் பேர்ல எய்து சார்" என்று சொல்லி, எழுதும் வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் உண்மை, யாரும் என்னை வற்புறுத்தவில்லை. சோடாவில் விரல் தேய்ந்துபோனதால், மூன்று முறை வைத்தும் ரேகை விழவில்லை. பக்கத்தில் என் பெயரைப் பெரிதாக எழுதச் சொன்னேன்.

இடது கைப் பெருவிரல் ரேகை:
கெங்கம்மா