பெரிய பெயருக்கு மயங்காத பெருமாட்டி மைரம்குல் எஜே அவர்களுக்கு

பேரன்பும் பெருஞ்சினமும் பிறப்பிலேயே சேர்த்துப் பெற்ற பெருமாட்டியே! பிஷ்கெக் மாநகரின் மலையறிவுப் பெருங்கழகத்தில், இதழ்ப் பதிப்புப் பிரிவின் தலைவியாய் வீற்றிருந்து, ஆய்வாளர்களை அலற வைத்து, அச்சகத்தாரை அழ வைத்து, எங்களை அன்றாடம் ஆட்டிப் படைத்த அம்மையே! முனைவர் மைரம்குல் அவர்களே! எங்கள் மூத்த அக்காவே, எஜேயே! வணக்கம். பணி நிறைவு மடலில் புகழ வேண்டும் என்பது மரபு. புகழத்தான் போகிறோம். அதற்கு முன், நெஞ்சில் கிடப்பதைக் கொஞ்சம் கொட்டிக்கொள்கிறோம். இன்று தோளில் சாபான் அங்கி போர்த்தி மேடையில் உட்கார்ந்திருப்பதால், உங்களால் எழுந்து வந்து திட்டவும் முடியாது.

கட்டுரை எழுதியவர் பெயரும், அவர் வேலை பார்க்கும் இடத்தின் பெயரும் இருந்தால் போதும் என்று உலகம் நிம்மதியாய் இருந்தது. நீங்கள் மட்டும் இல்லை. ஒவ்வொரு ஆய்வு நிறுவனத்துக்கும் உலகப் பதிவகத்தில் தனக்கென ஓர் எண் உண்டு. ஆட்சி மாறினாலும், ஊர்ப்பெயர் மாறினாலும், வாசல் பலகையை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அந்த எண் மாறாது. எந்த ஆய்வு எங்கே விளைந்தது என்று கணினி அதை வைத்தே அறியும் என்றீர்கள். சரி, நல்லதுதானே என்று தலையாட்டினோம். ஆட்டிய தலையை அதன்பின் நிமிர்த்த விட்டீர்களா? எண் இல்லாத கட்டுரை எங்கள் வாசலைத் தாண்டியதில்லை. ஓஷ் நகரப் பேராசிரியர் ஒருவர் தொலைபேசியில் கத்தினார்: "நான் எங்க வேலை பாக்குறேன்னு எங்க அம்மாவுக்கே தெரியும், உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியாதாம்மா?" நீங்கள் குரலே உயர்த்தாமல் சொன்னீர்கள்: "உங்க அம்மா எங்க இதழைப் படிக்கிறாங்களா தம்பி? இல்லல்ல? எண்ணப் போடுங்க." வசவு வாங்குவதற்கென்றே எங்களில் ஒருவர் அன்றாடம் தொலைபேசி அருகில் உட்கார வேண்டியிருந்தது. அப்பப்பா, அந்த வசவுகள்!

எரிச்சலூட்டுவதில் ஈடிணையற்றவரே! உங்களுக்கும் ஓர் ஈடு வந்தது. கோக்-ஜார் கணவாயில் நம் பெருங்கழகத்தின் கீழ் இருக்கும் பனிச்சரிவு ஆய்வு நிலையத்தின் தலைவர் துர்தகுன் அவர்கள்தாம் அந்த ஈடு. இதோ, இன்று முன்வரிசையில் கல்பாக் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். நிலையத்துக்குத் தனி எண் வாங்கித் தந்ததே நீங்கள்தான். அவரும் அவருடைய ஆட்களுமோ கட்டுரைக்குக் கட்டுரை பெருங்கழகத்தின் எண்ணையே போட்டு அனுப்பினார்கள். பனியில் உறைந்து, கயிற்றில் தொங்கி, அளவெடுத்ததெல்லாம் கணவாயில். பெயர் மட்டும் தலைநகரத்துக்கு. நம் ஊர் ஆய்வாளர் எல்லோருக்கும் இருக்கும் நோய்தானே அது! நீங்கள் திருப்பி அனுப்ப, அவர் நேரிலேயே வந்து நின்றார்.

"எஜே, கோக்-ஜார்னு போட்டா வெளிநாட்டுக்காரன் என்னமோ ஆட்டுப்பட்டின்னு நினைப்பான். பெருங்கழகம்னு போட்டாத்தான் மதிப்பான். ரெண்டும் ஒண்ணுதானே?"

"விருந்துல மரியாதைக்குன்னு பெரியவருக்கு வைக்க வேண்டிய கறி எலும்ப மருமகன் தட்டுல வச்சா, சம்பந்தியோட ஆயுசுக்கும் பேசமாட்டீங்க. உங்க உழைப்ப மட்டும் எவன் தட்டுல வேணும்னாலும் வைப்பீங்களாக்கும்?"

துர்தகுன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். அடுத்த கட்டுரைகளைப் பெருங்கழக மேலிடத்தில் சொல்லி, உங்கள் தலைக்கு மேலாக அச்சேற்றியும் விட்டார். நாங்கள் அன்று அவர் பக்கம். ஒரு எண்ணுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தேநீர் வேளையில் உங்களைக் கேலி பேசினோம்.

பிறகு ஆய்வு நிலையங்களைக் கணக்கெடுக்க ஒரு குழு வந்தது. எந்த நிலையத்திலிருந்து ஆய்வு வரவில்லையோ அதை மூடிவிடுவது என்று முடிவாயிற்று. கோக்-ஜார் எண்ணைத் தட்டினார்கள். திரையில் ஒன்றுமே இல்லை. பனி சரியப் போகிறது என்று சாலையில் வண்டிகளை நிறுத்தச் சொல்லும் ஒரே நிலையம், ஒன்றும் செய்யாத நிலையமாகிவிட்டது. துர்தகுன் மறுபடி வந்தார். இந்த முறை கதவை மெல்லத் திறந்தார். "எஜே, குளிர்காலம் வரதுக்குள்ள மூடிடுவாங்களாம். அந்த ரோட்ல போறவங்கள யாரு பாப்பா?" என்றார். வேறு எவராவது இருந்தால் 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லியிருப்பார்கள். நீங்களும் சொன்னீர்கள், கால் மணி நேரத்துக்குக் குறையாமல். அப்புறம்தான் உட்காரச் சொல்லித் தேநீர் ஊற்றினீர்கள்.

அதற்குப் பின் நாங்கள் பட்ட பாட்டை யாரிடம் சொல்லி அழ? வசந்தத் திருநாள் நூரூஸ் அன்று ஊரே சுமோலோக் கஞ்சி கிண்ட, நாங்கள் அலுவலகத்தில் பழைய கட்டுரைகளைக் கிண்டினோம். எழுதியவர் ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து, அளவெடுத்த இடம் எது என்று அவர் வாயாலேயே கேட்கச் சொன்னீர்கள். மாஸ்கோவில் ஒருவர் சொன்னார்: "யம்மா, நான் இப்ப டாக்சி ஓட்டுறேன். வண்டியில ஆளு உக்காந்திருக்கு. கணவாய்லதான் எடுத்தோம், என் காது அங்கதான் மரத்துச்சு, ஆள விடுங்க!" அவருக்கும் ஒரு நன்றிக் கடிதம் எழுத வைத்தீர்கள். போதாக்குறைக்கு, துர்தகுன் மேசையில் சாய்ந்து, "நாங்க தலைநகர்ல இருந்து செஞ்ச அந்த நாலஞ்சு கட்டுரையையும் சேத்துப் போட்டுடுங்களேன், எண்ணிக்கை பத்தலன்னா?" என்று கெஞ்சினார். நீங்கள் அசையவில்லை. "அது தலைநகர்ல நடந்த வேலை. அது உங்க எலும்பு இல்ல." நிலையமே மூழ்கப் போகும் வேளையில் இப்படியும் ஒரு நேர்மையா என்று எங்களுக்குத் தலை வெடித்தது. கல்நெஞ்சக்காரி என்றுகூடச் சொன்னோம், கேட்டிருந்தால் மன்னியுங்கள்.

கட்டுரைகளில் கோக்-ஜார் எண்ணை இட்டுத் திருத்திய விவரங்கள் கணினிக்குப் போய்ச் சேர்ந்தன. குழுவினர் மறுபடி தட்டினார்கள், திரை நிரம்பியது. ஐயப்பட்ட ஒருவர் துருவித் துருவிப் பார்த்தும் ஒரு கட்டுரையைக்கூடத் தள்ள முடியவில்லை, ஏனென்றால் இரவல் எதுவும் அதில் இல்லை. கோக்-ஜார் நிற்கிறது. சென்ற குளிர்காலத்திலும் அது வண்டிகளை நிறுத்தியது. நீங்கள் சொன்னது சரியாகப் போனதுதான் எஜே, எங்களுக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல். எங்கள் நூரூஸை யார் திருப்பித் தருவார்கள்?

சலியா உழைப்பின் தலைவியே! இன்று காலை இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மேசையில் வைத்திருந்தோம். கீழே பொன்னெழுத்தில் 'மலையறிவுப் பெருங்கழகத்தார்' என்று கம்பீரமாய்க் கையொப்பம். துர்தகுன் வந்தார், குனிந்து படித்தார், சிரித்தார்.

"ஏம்ப்பா, இவங்ககிட்டத் திட்டு வாங்குனது பெருங்கழகமா, நீங்களா?"

இத்தனை ஆண்டு உங்களிடம் இருந்தும் நாங்களும் பெரிய பெயருக்குள் போய் ஒளிந்துகொண்டோமே! சட்டத்தைக் கழற்றிக் கையொப்பத்தை மாற்றி, இந்தக் கதையையும் மடலில் சேர்த்தோம். ஆணி வளைந்தது, கண்ணாடியின் ஓரம் உடைந்தது, விழா தாமதமானது. தாமதத்துக்கு நீங்கள் மேடையிலிருந்து முறைக்கிறீர்கள். காரணம் இதுதான், எஜே.

நீங்கள் நோயின்றி நூறாண்டு வாழ்க! உங்கள் ஊரான நாரினின் மலைக்காற்று உங்கள் முழங்கால் வலியைக் கொண்டு போகட்டும். இன்றைய விருந்தில் உங்களுக்குரிய எலும்பு உங்கள் தட்டில்தான் வரும். துர்தகுன் தாமே நின்று பரிமாறுகிறார். உங்களை வைத்துக்கொண்டும் முடியவில்லை, விட்டுவிடவும் மனம் வரவில்லை.

இங்ஙனம்,
உங்களிடம் திட்டு வாங்கிய
பேகாயிம், கெங்கெஷ்பெக், சுராகான், எசென்குல்,
இதழ்ப் பதிப்புப் பிரிவு, மூன்றாம் மாடி, படிக்கட்டுக்குப் பின்னுள்ள அறை.
பெருங்கழகத்தார் அல்லர், நாங்கள்தான்.