எலியாவின் வண்டிக்கு நான் சொன்ன விலை

பல் வைத்தியர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடிதான் இது. நான் பல் வைத்தியன் இல்லை, ஐயா. பழைய ஸ்போர்ட்ஸ் பைக்குகளுக்கு விலை சொல்கிறவன். முப்பத்தொரு வருடமாக இது என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. இன்று இந்தப் போலீஸ் நிலையத்தில் உங்கள் மேஜைமேல் நானேதான் கொண்டுவந்து வைத்தேன். தயவுசெய்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வண்டியை விற்கிறவன் சொல்வதைக் கேட்கக் கூடாது. வண்டியைக் கேட்க வேண்டும். பிரேக் பிடியின் நுனி உருண்டை தேய்ந்திருக்கிறதா, கால்மிதியின் ஓரம் உரசியிருக்கிறதா, எந்த போல்ட்டில் ஸ்பானர் பட்ட தழும்பு இருக்கிறது என்று பார்ப்பேன். கடைசியாக ஹேண்டிலை முழுக்க ஒரு பக்கம் திருப்புவேன். அது மேற்கொண்டு திரும்பாமல் முட்டி நிற்பதற்கு, வண்டியின் கழுத்துக்கு அடியில் ஓர் இரும்புக் கட்டி இருக்கும். பலமாக விழுந்த வண்டியில் அந்தக் கட்டி நசுங்கியிருக்கும். அராவி, பெயின்ட் அடித்து மறைப்பார்கள். அதைப் பார்க்க மண்டியிட்டு இந்தக் கண்ணாடியை உள்ளே விட வேண்டும். வேறு வழியில்லை.

என் அப்பா இதே லமோனே பள்ளத்தாக்கில் மாட்டுச் சந்தைத் தரகர். விற்கிறவன் கையையும் வாங்குகிறவன் கையையும் சேர்த்துவைத்து, மேலே தன் கையால் ஒரு வெட்டு வெட்டுவார். வெட்டிவிட்டால் விலை முடிந்தது. யாரும் பின்வாங்கக் கூடாது. மாடுகள் போய் வண்டிகள் வந்தன. கைவெட்டு என்னிடம் வந்தது. வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்துவார்கள். பாதிரியார் புனித நீர் தெளித்துவிட்டுப் போனதும் நான் வருவேன். என் கை விழாமல் எங்கள் ஊரில் ஒரு வண்டியும் கைமாறாது.

போன வருடம் அந்த ஞாயிற்றுக்கிழமை குளிராக இருந்தது. என் முழங்கால் வலித்தது. ரொட்டிக் கடை லெயார்க்கோ, வெளியூர்க்காரன் ஒருவனிடம் சிவப்பு நிற ஆயிரம் சிசி வண்டி ஒன்றை வாங்கினான். மற்றதெல்லாம் பார்த்தேன். மண்டியிடவில்லை. வண்டி சுத்தமாக இருந்தது, விற்றவன் முகமும் சுத்தமாக இருந்தது. கைவெட்டினேன். இதை ஒரு தவறு என்று சொல்லலாம். நானே சொல்கிறேன்.

இந்த வருடம் லெயார்க்கோ அதே வண்டியை விற்கக் கொண்டுவந்தான். வாங்க வந்தவன் எலியா, பீங்கான் சூளையில் வேலை செய்கிறவன். மனைவி நோயேமி எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். வெயில் இதமாக இருந்தது, முழங்கால் வலிக்கவில்லை. மண்டியிட்டுக் கண்ணாடியை விட்டேன். கட்டி அராவப்பட்டிருந்தது. அதற்கு மேலே, கழுத்துக் குழாய் சேஸிஸோடு சேர்கிற இடத்தில், பெயின்ட்டுக்கு அடியில் மயிரிழை போல ஒரு விரிசல் கோடு. கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். கோடு போகவில்லை.

"என்ன அண்ணே, கண்ணாடியில உங்க அழகையே பாத்துக்கிட்டு இருக்கீங்களா?" என்றான் லெயார்க்கோ. எல்லோரும் சிரித்தார்கள். "போன வருசம் நீங்க பாத்த வண்டிதானே. ஒரு கீறல்கூட விழாம வச்சிருக்கேன்."

அவன் பொய் சொல்லவில்லை. அந்த வண்டி அவன் கைக்கு வருவதற்கு முன்பே விழுந்திருந்தது. நான் உண்மையைச் சொன்னால், போன வருடம் நான் மண்டியிடவில்லை என்பதை அந்த முற்றத்தில் நிற்கும் அறுபது பேருக்கும் சொன்னதாகிவிடும். நான் எழுந்தேன்.

"நீங்க கைவச்சா போதும் மாமா. பாதிரியார் தெளிச்ச தண்ணியவிட எனக்கு உங்க கைமேலதான் நம்பிக்கை" என்றாள் நோயேமி.

லெயார்க்கோ ஏழாயிரத்து நானூறு யூரோ கேட்டிருந்தான். நான் ஏழாயிரத்து இருநூறு என்றேன். இருநூறு யூரோ குறைத்தது எலியாவுக்காக. குழந்தை இருக்கிற வீடு. அது என் நினைவில் தெளிவாக இருக்கிறது. பிறகு அவர்கள் கைகளின் மேல் என் கை விழுந்தது.

அன்று முதல் என்னால் உட்கார முடியவில்லை, ஐயா. எலியா தினமும் வேலை முடிந்து மாலை ஆறே காலுக்கு என் வீட்டு வழியாகத்தான் போவான். ஐந்தரை மணிக்கே ஜன்னலுக்கும் வாசல் கேட்டுக்கும் நடக்க ஆரம்பித்துவிடுவேன். அடுப்பில் சூப் வைத்திருப்பேன், அணைப்பேன், மறுபடி பற்றவைப்பேன். பாலத்தில் இரண்டாவது கியர், வால்நட் மரத்து வளைவில் மூன்றாவது, பிறகு நேர்ச் சாலையில் முழு வேகம். சத்தம் மேட்டைத் தாண்டியதும்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். மறுநாள் காலையில் மறுபடியும் கைகால் பரபரக்கும். ஒரு வாளியை எடுப்பேன், எதற்கு எடுத்தேன் என்று தெரியாமல் வைப்பேன். இப்படி எழுபத்தெட்டு நாள்.

அவனை நான் கைவிட்டுவிடவில்லை. தினமும் காலைப் பூசைக்குப் போய் அவன் பெயரைச் சொல்லி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். என்னுடைய தோல் கையுறைகளை அவனுக்குக் கொடுத்தேன், நல்ல கையுறைகள். அவனுக்காக அவ்வளவு செய்தவர்கள் ஊரில் வேறு யாரும் இல்லை.

ஜூன் மாதம் ஒருநாள் வண்டியை என் வாசலில் நிறுத்தினான். பெட்டி நிறைய ஆப்ரிகாட் பழம் கொண்டுவந்திருந்தான். அவனுடைய மாமனார் தோட்டத்துப் பழம். காப்பி குடித்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டான்.

"நூத்தி இருபதுக்கு மேல போனா ஹேண்டில் லேசா உதறுது மாமா. என்னவா இருக்கும்?"

"டயர் பழசு. முன் டயர மாத்திப் பாரு" என்றேன்.

பழைய டயரும் உதறும், ஐயா. நான் சொன்னது பொய் இல்லை. அவன் டயரை மாற்றினான். அடுத்த வாரம் வாசலில் நின்று ஹெல்மெட்டைக் கழற்றாமலே கூப்பிட்டான்.

"கொஞ்சம் பரவால்ல மாமா. ஆனா இன்னும் இருக்கு. உனக்கு மனசுலதான் உதறல்னு நோயேமி கிண்டல் பண்றா."

"அவ கெட்டிக்காரி. அவ சொல்றத கேளு" என்றேன்.

சிரித்துக்கொண்டே போனான். அன்றும் மூன்றாவது கியர் சத்தத்தை எண்ணினேன்.

ஜூலை ஒன்பதாம் தேதி, மூன்றாவது கியரோடு சத்தம் நின்றது.

ஓடினேன். முழங்கால் வலித்ததாக நினைவில்லை. முன்சக்கரமும் அதைத் தாங்குகிற ஃபோர்க்கும் தனியாகக் கழன்று சாலையில் கிடந்தன. மீதி வண்டி கால்வாயை ஒட்டிய திராட்சைத் தோட்டத்து வேலியருகே கிடந்தது. எலியா அதற்கு இருபது அடி தள்ளி, அதே கால்வாய் ஓரம். என்னைப் பார்த்தான்.

"மாமா" என்றான்.

"வர்றேன், இரு" என்றேன்.

வந்தேன். ஆனால் முதலில் வண்டியிடம் போனேன். மண்டியிட்டேன். கண்ணாடியை எடுத்துக் கழுத்துக் குழாய் உடைந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தேன். பாதி வட்டம் பளபளப்பாக இருந்தது. அது அன்று உடைந்தது. மீதிப் பாதி துருப்பிடித்திருந்தது, அது பழையது. தெரிந்தவன் எவனும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவான். கால்வாய்ச் சேற்றை எடுத்து இரண்டு பாதியிலும் ஒன்றுபோலப் பூசினேன். பிறகு இரும்புக் கட்டியிலும் பூசினேன். அவசரப்படவில்லை. அவசரப்பட்டால் கைத்தடம் தெரியும்.

நடுவில் அவன் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டான். இரண்டு தடவையும் பதில் சொன்னேன்.

பிறகு அவனிடம் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொன்னேன். என் கையுறைகளைத்தான் போட்டிருந்தான். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தது தோட்டத்துக்கார அம்மாள், நான் இல்லை. ரத்தம் போய்க்கொண்டே இருந்ததால்தான் இறந்தான் என்று டாக்டர் எழுதியிருப்பதாக நீங்கள் சொன்னீர்கள். கட்டுப் போடுவதற்கு என் கழுத்தில் துண்டு இருந்தது. அதை நான் சேறு துடைக்கப் பயன்படுத்தியிருந்தேன்.

உங்கள் ஆட்கள் சேற்றைப் பார்த்தார்கள். கால்வாய் ஓரத்தில் கிடந்த வண்டியில் சேறு இருப்பதில் ஆச்சரியம் என்ன. வேகமாகப் போனான் என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அடக்கத்தின்போது, அவனைத் தனியாகச் சாகவிடாதவர் என்று சொல்லி ஊரே என் கையைப் பிடித்தது. அதை நான் மறுக்கவில்லை. அவன் தனியாகச் சாகவில்லை என்பது உண்மைதானே.

நேற்று மதியம் நோயேமி என் வீட்டுக்கு வந்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. என் மேஜைமேல் ஒரு கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே இந்தக் கண்ணாடி. விபத்து நடந்த அன்றிலிருந்து அது என் பையில் இல்லை.

"வண்டி கெடந்த எடத்துல இருந்துச்சு மாமா. அவரத் தூக்க ஓடுனப்ப விழுந்திருக்கும். ஒரே சேறு. சுடுதண்ணி ஊத்திக் கழுவி வச்சிருக்கேன். இது இல்லாம நீங்க எப்படி வேல பாப்பீங்க?"

பிடியில் இருக்கிற சின்னச் சின்ன வரிகளைக்கூட ஊசி வைத்துச் சுத்தம் செய்திருந்தாள். இரண்டு மாதமாகத் தூங்காத பெண். அதன்மேல் என் சேறு ஒரு துளிகூட இல்லை. அவள் அதைக் கழுவியதோடு எனக்கு எதிரான கடைசிச் சாட்சியும் போய்விட்டது. அது அவளுக்குத் தெரியாது. குழந்தை விழித்து என் விரலைப் பிடித்துக்கொண்டது. அவள் போன பிறகு சூப்பைப் பற்றவைத்தேன், அணைத்தேன், பற்றவைத்தேன். சத்தம் எதுவும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் கேட்டருகே நின்றேன். விடிந்ததும் இங்கே வந்துவிட்டேன்.

வேகம் காரணம் இல்லை. விரிசல் காரணம். விரிசல் எனக்குத் தெரியும். மூன்று தடவை அவன் என்னைக் கூப்பிட்டான். அதுவும் எனக்குத் தெரியும். எழுதிவிட்டீர்களா? கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும், ஐயா. உடைந்த வண்டி உங்கள் கொட்டகையில்தான் இருக்கிறது என்றார்கள். சேஸிஸ் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். ஆனால் எஞ்சின் நன்றாக இருக்கிறது, பிரேக் நன்றாக இருக்கிறது, முன் டயர் புதியது. நோயேமிக்கு இதெல்லாம் தெரியாது. யாராவது அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். என்னை ஐந்து நிமிடம் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பெண்ணை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது.