சட்டைப் பையில் சூடேறிய ரத்தம்

அவையை அழகுற ஆளும் தலைவர் அவர்களே! அனுபவத்தால் நரைத்த ஆன்றோர்களே! வெள்ளைச் சீருடைக்குள் வீரத்தை வைத்திருக்கும் செவிலித் தாய்மார்களே! இந்த அறுவை மருத்துவனின் வணக்கம். 'அறுவை' என்றதும் அங்கே சிரிப்பு! பயப்படாதீர்கள், சுருக்கமாக முடிப்பேன்.

விருது பெறும் நம் லேப் அக்காவைப் பாராட்ட அழைத்தார்கள். பாராட்ட மட்டுமா வந்தேன்? மன்னிப்புக் கேட்கவும் வந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு லாரி ஓட்டுநர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தபடி வந்தார். ஸ்கேன் தெளிவாக இல்லை. குடல் அழுகுகிறதோ என்று அஞ்சினேன். அப்படியானால் ரத்தத்தில் லாக்டேட் என்ற அமிலத்தின் அளவு ஏறும். கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, "நல்லா மூடித் திறங்க" என்று சொல்லி நானே ரத்தம் எடுத்தேன். குழாயைச் சட்டைப் பையில் போட்டேன். வழியில் இன்னொரு வார்டில் மாட்டிக்கொண்டேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் குழாய் லேபுக்குப் போனது.

இரண்டுக்குள் இருக்க வேண்டியது, நான்கு! ஓட்டுநரின் மனைவி அழுதுகொண்டே சம்மதக் கையெழுத்துப் போட்டார். கத்தி தயார். அப்போது போன் அடித்தது, லேபிலிருந்து அக்கா.

"நம்பர் வந்திருக்கு சார், எனக்கு நம்பிக்கை வரல. ஐஸ் எங்க?"

"எந்த ஐஸ்?"

"சரியாப் போச்சு! ஐஸ்ல வைக்கலன்னா குழாய்க்குள்ள போனாலும் ரத்தம் சும்மா இருக்காது சார், லாக்டேட்ட ஏத்திக்கிட்டே இருக்கும். கைய மூடித் திறந்தாலும் ஏறும். பத்து நிமிஷம் குடுங்க."

"அதுக்குள்ள உயிர் போயிட்டா?"

"நல்ல வயித்தக் கிழிச்சிட்டா?"

திட்டினாரா என்கிறது முன்வரிசை. திட்டாமல் விடுவாரா? ஐஸ் பெட்டியோடு மூன்று மாடி ஏறி வந்தார். பட்டை கட்டாமல் ரத்தம் எடுத்தார், திட்டிக்கொண்டே இறங்கி ஓடினார். முடிவு, ஒன்றரை! மறுபடி எடுத்த ஸ்கேனில் அகப்பட்டது ஒரு சிறுநீரகக் கல். கடுகத்தனைக் கல்லுக்கா நான் கத்தி எடுத்தேன்?

இயந்திரம் எண் சொல்லும். எடுத்தவனின் அவசரத்தைச் சொல்லுமா? எத்தனை நேரம் காத்திருந்த ரத்தம் என்று சொல்லுமா? எண்ணைப் பார்ப்பவர் ஆயிரம் பேர் உண்டு. அந்த எண்ணை எதிர்த்துக் கேள்வி கேட்க, எதிரில் டாக்டரே நின்றாலும் நகராமல் நிற்க, நெஞ்சுரம் வேண்டாமா?

மூன்றாம் வரிசையில் மனைவியோடு இருக்கும் ஓட்டுநர் ஐயா, எழுந்திருங்கள்! என்ன சொல்கிறீர்கள்? "சட்டையத் தூக்கிக் காட்டவா"வா? வேண்டாம் ஐயா, நம்புகிறோம். உங்கள் வயிற்றில் தழும்பே இல்லை. இருந்திருந்தால் அது என் தப்பு. இல்லாதது இந்த அக்காவின் உழைப்பு.

அக்கா, அன்று சொல்லாததை இன்று ஊரறியச் சொல்கிறேன்: மன்னிச்சிருங்க. அவையோரே, பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நன்றி. என் கத்தியைப் பத்து நிமிடம் நிறுத்திய அந்தக் கைகளுக்கு என் வணக்கம்!