எஸ்பிரஸோ வேணாம் சார்

உக்காருங்க சார். உங்க பொண்ணு பால் வாங்கத்தான் போயிருக்கா, வந்துடுவா. போன் எடுக்கலையா? வேலை நேரத்துல போனைத் தொடக்கூடாதுன்னு நான்தான் சொல்லி வெச்சிருக்கேன். கடை நடத்துறவ கொஞ்சம் கறாரா இருக்கணும்ல.

அதுக்குள்ள ஒரு காப்பி குடிங்க. எஸ்பிரஸோவா? அதான் சீக்கிரம் வருமா? வரும், இல்லேங்கல. அரை நிமிஷத்துல வந்துடும். ஆனா ரெண்டே மடக்கு, குடிச்சுட்டு எந்திரிச்சுடுவீங்க. கோவமா வந்தவருக்கு அது ஆகாது. இது பாருங்க, வடிகட்டுற பேப்பர்ல தூளைப் போட்டு, வெந்நீரைச் சுத்திச் சுத்தி ஊத்தணும். அது பாட்டுக்குச் சொட்டும். யாரு மெரட்டினாலும் வேகமா வராது.

காப்பிக்கொட்டை வேறயா? ரெண்டுக்கும் ஒரே கொட்டைதான் சார். அரைக்கிறதுலயும் எறக்குறதுலயும்தான் வித்தியாசம். இதுக்குத் தூள் கொரகொரன்னு இருந்தாப் போதும். எஸ்பிரஸோவுக்கு நைசா அரைச்சு, அந்தக் கைப்பிடிக் கிண்ணத்துல போட்டு, அமுக்கு அமுக்குன்னு அமுக்கணும். அப்புறம் மெஷின் வெந்நீரை வெச்சு நெட்டித் தள்ளும். அவ்வளவு அழுத்தினா எதுதான் உள்ளயே அடங்கிக் கிடக்கும்? பீச்சிக்கிட்டு வெளிய வந்துடும். ஏன் மொறைக்கிறீங்க? நான் காப்பியைச் சொன்னேன்.

நீங்க பாத்த மாப்பிள்ளை சாயங்காலம் வர்றாரா? அவகிட்டக் கேட்டீங்களா? வேணாம்னுதான் சொன்னாளா. அப்ப கேட்டிருக்கீங்க, காதுலதான் வாங்கிக்கல. சரி சரி, நான் யாரு இதெல்லாம் பேச. யாரோ ஒரு பையன் இருக்கான்னு மட்டும் தெரியுமா? இன்னைக்குப் போய்ப் பதிவுக் கல்யாணம் பண்ணிடுவாங்களோன்னு பயமா? பால் வாங்கப் போன பொண்ணைப் போய் இப்படிச் சந்தேகப்படலாமா சார்.

குடிங்க, ஆறிடப் போவுது. சின்ன கப்புல வர்றதுதான் பயங்கர ஸ்ட்ராங்குன்னு எல்லாரும் நெனைப்பாங்க. சொட்டுக்குச் சொட்டு பாத்தா அதுதான். ஆனா இப்படிப் பெரிய கப்பு முழுக்கக் குடிச்சீங்கன்னா, தூக்கத்தைக் கெடுக்குறது இதுதான். இன்னைக்கு உங்களுக்கு எப்படியும் தூக்கம் வராது, விடுங்க.

இருங்க, போன்ல ஏதோ வந்திருக்கு. ம்.

சார், கடைக்குப் பால் காலைலயே வந்துடுச்சு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சாம். எந்திரிக்காதீங்க, இனிமே ஓடி என்ன ஆகப்போவுது? பையன் நல்லவன். குரலை ஒசத்திப் பேச மாட்டான், நல்லா சமைப்பான், தொவைச்ச துணியை மட்டும் மடிக்கவே மாட்டான். எனக்கு எப்படித் தெரியுமா? பெத்தவளுக்குத் தெரியாதா?

ஒரே பிள்ளை. அவன் கல்யாணத்தைக் கண்ணால பாக்கணும்னு எனக்கும் ஆசைதான். காலைலேருந்து மனசு அடிச்சுக்குது. ஆனா உங்களை இங்க உக்கார வைக்க ஒரு ஆள் வேணுமே. இவ்வளவு நேரம் வாய் ஓயாமப் பேச வேற யாரால முடியும்?

நீங்களும் பாக்கல, நானும் பாக்கல. நேரா இங்கதான் வர்றாங்களாம். இந்தாங்க, மொகத்தைத் தொடைச்சுக்குங்க சம்பந்தி. நாம ரெண்டு பேரும் அழுதது பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாம்.