முட்டிக்கு அடியில் ஒரு தலையணை

"நான் தூங்குறப்போ நீங்க என்ன செய்வீங்கம்மா?" என்று விமலன் சின்ன வயதில் ஒருமுறை கேட்டான். அவன் அப்பா இறந்த வருடம் அது. "உன்னைப் பாத்துக்கிட்டே இருப்பேன்யா" என்றேன். அந்த வாக்கை நான் இன்றுவரை மீறியதில்லை.

மலேசியாவில், கிள்ளானில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான். விமலனுக்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வெல்டர் வேலை கிடைத்தது. பெரிய பெட்டி வாங்கி வைத்திருந்தான். அந்த வாரம்தான் ஒரு லோரி அவன் மோட்டார் சைக்கிளை இடித்துவிட்டது. முட்டியில் அறுவை சிகிச்சை. காலை நன்றாக நீட்டி நடக்கும்வரை காத்திருப்பதாகக் கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். நல்ல மனிதர்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து தாமரை என்ற பிசியோதெரபி பெண் வாரந்தோறும் வீட்டுக்கு வந்து பயிற்சி சொல்லிக்கொடுத்தாள்.

"ஆன்டி, முட்டிக்கு அடியில மட்டும் தலையணை வச்சிடாதீங்க. சுகமாத்தான் இருக்கும், ஆனா மடங்கினபடியே இறுகிடும். துண்டைச் சுருட்டி குதிகாலுக்கு அடியில வைங்க. முட்டி தொங்கணும்."

"வலிக்குமே. அழுவானே."

"அழட்டும்லா ஆன்டி. இப்ப அழுதா அப்புறம் ஓடுவாரு."

ஓடுவான் என்று எனக்கும் தெரியும்.

விமலன் ஒருநாளும் சோம்பியதில்லை. சட்டையைக் கடித்துக்கொண்டு, "அழுத்துங்கம்மா, நல்லா அழுத்துங்க" என்பான். நான் முட்டியின் மேல் கையை வைத்திருப்பேன். அழுத்தியதில்லை. வலி மாத்திரை போட்டு அவன் கண் அசந்ததும், குதிகாலிலிருந்து துண்டை உருவிவிட்டு முட்டிக்கு அடியில் தலையணையைச் செருகுவேன். உடனே அவன் முகம் தளர்ந்து பழைய குழந்தை முகமாகிவிடும். அவன் விழிப்பதற்குள் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிடுவேன். அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் செய்தேன். பெற்ற பிள்ளைக்குத் தலையணை வைப்பது பாவமென்று எந்தச் சாமியும் சொன்னதாக நான் கேட்டதில்லை.

சில வாரங்களில் தாமரை அவன் காலை அளந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

"அண்ணே, என்னை ஏமாத்தலாம். முட்டியை ஏமாத்த முடியாதுலா."

"சத்தியமா செய்றேன். அம்மாவையே கேளுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "செய்றான்மா... அவனால முடிஞ்சவரைக்கும்" என்றேன். தாமரை பெருமூச்சு விட்டாள். அவள் போனபின் விமலன் சுவரைப் பார்த்தபடி, "எனக்கு மனசுல தெம்பு பத்தலை போலம்மா" என்றான். தலையைத் தடவிக்கொடுத்தேன்.

இனி அந்தக் கால் நேராகாது என்று கடைசியில் டாக்டர் சொல்லிவிட்டார். பெர்த் வேலை வேறொருவருக்குப் போயிற்று. "நான்தான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன் ஆன்டி" என்று தாமரை என் சமையலறையில் நின்று அழுதாள். சூடாக மைலோ கலக்கிக் கொடுத்தேன். மனம் நொந்து நிற்பவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது.

இப்போது விமலன் கைத்தடி ஊன்றி ஹாலிலிருந்து சமையலறை வரை வருகிறான். பேச்சு குறைந்துவிட்டது. அன்றைக்கு வலி மாத்திரைகளையெல்லாம் கட்டிலில் கொட்டி, ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தான். "இப்படியேதானாம்மா?" என்று கேட்டான். "நான் இருக்கேன்யா" என்றேன். மாத்திரைகளை அள்ளி அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தேன். சாப்பாடு மட்டும் குறைவில்லாமல் போடுகிறேன். என் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறான்.

அவன் பெட்டி வாங்கி வந்த அன்று, பிள்ளை என்னை விட்டுப் போகாமலிருந்தால் வெள்ளியில் காணிக்கை செலுத்துகிறேன் என்று அம்மனுக்கு வேண்டியிருந்தேன். என்ன காணிக்கை என்று அப்போது சொல்லவில்லை. பிறகு அவளே காட்டிவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை மதியம், கோயிலில் யாருமில்லாத நேரம் பார்த்து வெள்ளித் தகட்டுக் கால் ஒன்றை எடுத்துப் போனேன். கடையில் இருந்த கால்கள் எல்லாம் நேராகவே இருந்தன. உண்டியல் முன் நின்று, முட்டி இருக்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினேன். விமலன் கால் எவ்வளவு மடங்கியிருக்கிறதோ அவ்வளவு மடக்கி, உள்ளே போட்டேன். நேரான காலைப் போட்டிருந்தால் பொய்க் காணிக்கையாகியிருக்கும். எனக்கு யாரையும் ஏமாற்றிப் பழக்கமில்லை.