சுபாஜினி டீச்சர் நிறுத்திய மாத்திரை

மேடையில் வீற்றிருக்கும் கோயில் கமிட்டித் தலைவர் இராமையா ஐயா அவர்களே, தோட்டத்து உறவுகளே! முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. எழுதித்தான் கொண்டு வந்திருக்கிறேன். தலை நிமிராமல் வாசித்தால் கோபிக்காதீர்கள்.

பதினான்கு வருடம் நம் பிள்ளைக் காப்பகத்தை, நம் புள்ளக்காம்பராவைக் கட்டிக் காத்தவர் சுபாஜினி டீச்சர். கொழுந்து பறிக்கப் போன அம்மாமாரின் குழந்தைகளுக்குப் பகலெல்லாம் தாயாக இருந்தவர்! மழையில் பிந்தி வந்த யாரையாவது அவர் முறைத்ததுண்டா? முதலில் தலை துவட்டத் துணி கொடுப்பார், பிறகுதான் குழந்தையைக் கொடுப்பார்.

அவர் மன அழுத்தத்துக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் மாத்திரை எடுத்து வந்த மறுநாள், பீலிக் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது கருப்பம்மா அத்தை கேட்டார்:

"என்னடி டீச்சரு, பைத்திய மாத்திரையாமே? எங்க புள்ளைகளக் கடிச்சு வச்சிறாத!"

"கடிக்கிற பல்லு போன வருசமே விழுந்திருச்சு அத்தே" என்று டீச்சரும் சிரித்தார்.

அடுத்த வாரம் ஏழு குழந்தைகள் வரவில்லை. அந்த ஏழு வீட்டாரும் இன்று பூமாலையோடு வந்திருக்கிறீர்கள். நன்றி!

மாத்திரை தொடங்கிய பன்னிரண்டாம் நாள் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினோம். "காப்புக் கட்டுன கையால இங்கிலீசு மாத்திரையத் தொடக்கூடாதும்மா. ஆத்தா பாத்துக்குவா" என்றார் தலைவர் ஐயா. டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"நீ படிச்ச புள்ள, சொல்லும்மா. பன்னெண்டு நாளா குமட்டல்தான். நிப்பாட்டவா?"

மருந்தியல் படித்த எனக்குப் பதில் தெரியாதா? மாத்திரையால் செரோட்டோனின் என்ற பொருள் மூளையில் கூடினாலும், அங்கே சில ஏற்பிகள் கங்காணி மாதிரி நின்று "போதும், நிப்பாட்டு" என்று அதட்டும். அந்த அதட்டல் அடங்கச் சில வாரம் ஆகும். மருந்தின் பலன் பிந்துவது அதனால்தான் என்று கருதுகிறார்கள். குமட்டல் முந்தி வரும், நிம்மதி பிந்தி வரும். இவ்வளவுதானே சொல்ல வேண்டியிருந்தது! தலைவர் பக்கத்தில் நின்றார். எனக்குக் கூச்சம். "பெரியவங்க சொல்றதக் கேளுங்கக்கா" என்றேன்.

கேட்டார். காப்பு அவிழ்த்த மூன்றாம் நாள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். நாம் நோட்டீசில் மாரடைப்பு என்று அச்சடித்தோம். இறந்த பிறகும் அவரை வாய் திறக்க விடவில்லை.

மாத்திரை அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. காப்பாற்ற நாம் விடவில்லை என்று சத்தியம் செய்ய முடியும்.

இரங்கல் கூட்டத்தில் சபதம் எடுப்பார்கள். என்னுடையது சின்னது. இனி யார் கேட்டாலும், யார் பக்கத்தில் நின்றாலும், தெரிந்ததைச் சொல்வேன்.

தலைவர் ஐயா, ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை கந்தசஷ்டிக்குக் காப்புக் கட்டுகிறீர்கள். அதே மாத்திரையைத் தொடங்கி ஒன்பது நாளான ஒருவர் இந்த மண்டபத்தில் இருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். விரதத்துக்கு அவரும் பெயர் கொடுத்திருக்கிறார். என் பேச்சை அவர் கேட்க மாட்டார், உங்கள் பேச்சைக் கேட்பார். "மாத்திரை போடுறவங்க நிப்பாட்டாதீங்க, சாமி கோவிச்சுக்காது" என்று நீங்கள் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம் ஐயா. நான் தள்ளி நிற்கிறேன். இந்த மைக்கில், இப்போதே சொல்லுங்கள்.