மௌன விரதத்தில் நிச்சயமான கல்யாணம்

கருங்கல் சந்தையிலிருந்து நாகர்கோவிலுக்குத் திரும்பும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"எங்க வீட்டுக்காரரு வாய மூடினதாலதான் மக கல்யாணம் முடிவாச்சு," என்றாள் மூத்தவள்.

"அது என்னக்கா கத?" என்றாள் இளையவள்.

"கோவம் கொறையணும்னு கார்த்திக மாசம் பூரா மௌன விரதம் எடுத்தாரு. அந்த நேரம் பாத்து, அவரு ஏற்கெனவே வேண்டாம்னு சொன்ன வாத்தியாரு மாப்பிள வீட்டுக்காரங்கள நான் பொண்ணு பாக்க வரச்சொன்னேன்."

"அய்யோ! அவரு சும்மா இருந்தாரா?"

"வேண்டாம்னு ரெண்டு கையையும் போட்டு ஆட்டினாரு. 'ரெண்டு குடும்பமும் சேரட்டும்ங்காரு'ன்னு நான் வந்தவங்ககிட்ட சொல்லிட்டேன். அவரு பேசதுக்கே வாயத் தெறந்துட்டாரு. அப்பம் மக காப்பி கொண்டு வந்தா. அவளுக்கு அந்த வாத்தியாரத்தான் பிடிக்கும். கண்ணு நெறஞ்சு நிக்கி. அவள நல்லாப் பாத்தாரு. பொறவு பேசாம காப்பிய எடுத்துக் குடிச்சாரு."

"விரதம் முடிஞ்சதும் ஏசியிருப்பாருல்லா?"

"நானும் பயந்துட்டுதான் நின்னேன். நேத்து கோயில்ல விரதத்த முடிச்சிட்டு வந்தாரு. வாசல்லயே நின்னு, 'ஏட்டி, பந்தலு பெருசாப் போடணும்'னாரு."